உப்புக் காற்றில் பழைய லேப்டாப்: ராம் ஸ்லாட் பழுதைக் கண்டுபிடித்துச் சரிசெய்ய முழு வழிகாட்டி

பவர் பட்டனை அழுத்தினால் விளக்கு எரிகிறது, ஃபேன் சுற்றுகிறது, திரை மட்டும் கறுப்பாகவே கிடக்கிறது. அல்லது 8 ஜிபி ராம், அதாவது நினைவகம், போட்ட லேப்டாப் திடீரென்று 4 ஜிபிதான் காட்டுகிறது. கடைக்குக் கொண்டுபோனால் "ராம் போச்சு, மாத்திடலாம்" என்கிறார்கள். புது ராம் போட்டதும் ஓடுகிறது. ஐப்பசி மழை தொடங்கியதும் மறுபடி அதே கறுப்புத் திரை.

தொண்டியிலிருந்து தேவிபட்டினம், மண்டபம், ராமேஸ்வரம், கீழக்கரை, ஏர்வாடி, சாயல்குடி வரை கடலை ஒட்டிய ஊர்களில் இந்தக் கதை வந்தால் முதலில் ராமைச் சந்தேகிக்காதீர்கள், அது உட்காரும் ஸ்லாட்டைப் பாருங்கள். புது ராமைச் செருகும்போது அதன் விளிம்பு ஸ்லாட்டின் பின்களை உரசிக் கொஞ்சம் இடத்தைச் சுத்தமாக்கிவிடுகிறது. அதனால் ஓடுகிறது. உப்பு உள்ளேயே இருப்பதால் பழுது திரும்பி வருகிறது. கழற்றி முறையாகக் கழுவினால் பழைய ராமே ஓட நிறைய வாய்ப்பு உண்டு. செலவும் குறைவுதான்.

உப்பு என்ன செய்கிறது

ராம் விளிம்பின் பட்டைகள் செம்பு, ஸ்லாட்டின் பின்கள் செம்புக் கலவை. அதன்மேல் நிக்கல், அதற்கும் மேல் மிக மெல்லிய தங்கப் பூச்சு. தங்கம் துருப்பிடிக்காது. ஆனால் பூச்சில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் இருக்கும், பலமுறை கழற்றி மாட்டிய லேப்டாப்பில் கீறல்களும் இருக்கும். உப்பு அந்த வழியாகச் செம்பைத் தொட்டதும் பச்சை பூக்கிறது.

சாப்பாட்டு உப்பு காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் தானாகவே ஈரத்தை இழுத்துக் கரையும். கடல் உப்பில் மெக்னீசியம் குளோரைடும் கலந்திருக்கிறது, அது 33 சதவீதத்திலேயே இழுக்கத் தொடங்கிவிடும். அதாவது ஒருமுறை உள்ளே போன கடல் உப்பு, இந்தக் கரையில் வருடம் முழுக்க முழுசாகக் காய்வதே இல்லை. ஆடியில் கச்சான் என்ற தென்மேற்குக் காற்று வீசும்போது தென்கடல் (மன்னார் வளைகுடா) பக்கத்து வீடுகளிலும், வாடை அடிக்கும் மாதங்களில் வடகடல் (பாக் நீரிணை) பக்கத்து வீடுகளிலும் ஜன்னல் கம்பியைத் தடவினால் கை பிசுபிசுக்கும். லேப்டாப் ஃபேன் நாள் முழுக்க இழுப்பதும் அதே காற்றைத்தான். 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாம்பன் பாலத்துக்கே துரு பிடிக்காமலிருக்க பாலிசிலாக்சேன் என்ற சிறப்புப் பூச்சு அடித்திருக்கிறார்கள். நம் வீட்டு லேப்டாப்புக்கு அப்படி எந்தப் பூச்சும் கிடையாது.

ஸ்க்ரூ டிரைவரை எடுக்கும் முன்

லேப்டாப் ஓடுகிறது, ராம் மட்டும் குறைவாகக் காட்டுகிறது என்றால் மூன்றைப் பாருங்கள். விண்டோஸ் 32 பிட்டா? அப்படியானால் எத்தனை ஜிபி போட்டாலும் 4 ஜிபிக்குள்தான் பயன்படும். அடுத்து எம்எஸ்கான்ஃபிக் திறந்து, பூட் பகுதியில் அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ் போய், மேக்ஸிமம் மெமரி என்ற இடத்தில் யாராவது டிக் போட்டு வைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். இருந்தால் எடுத்துவிட்டு ரீஸ்டார்ட் செய்யுங்கள். கடைசியாக டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபாமன்ஸ், மெமரி. எத்தனை ஸ்லாட்டில் எத்தனை பயன்படுகிறது என்று அங்கே எழுதியிருக்கும். இரண்டு ராம் மாட்டியிருக்கிறீர்கள், அது ஒன்று என்கிறது என்றால் பழுது ஸ்லாட்டிலோ ராமிலோதான்.

திரையே வராத லேப்டாப் விளக்கு மூலம் பேசும். டெல் பலவற்றில் ஆம்பர் (மஞ்சள்) 2, வெள்ளை 3 முறை மின்னினால் ராமே தெரியவில்லை என்று பொருள். 2, 4 என்றால் ராம் பழுது. எச்பி பழைய மாடல்களில் கேப்ஸ் லாக் விளக்கு 3 முறை மின்னினால் ராம் கோளாறு. புதியவற்றில் நீளமாக 3, குட்டையாக 2. மற்றவற்றுக்கு உங்கள் மாடலின் சர்வீஸ் மேனுவலைப் பாருங்கள், பீப் ஒலிக்குப் பொதுவான அர்த்தம் ஒன்றும் கிடையாது.

எந்த பின் கெட்டால் என்ன ஆகும்

இது புரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. பழைய லேப்டாப்களில் இருக்கும் டிடிஆர்3 வகை ராமில் பக்கத்துக்கு 102 வீதம் 204 பட்டைகள். எல்லாம் ஒரே வேலை செய்வதில்லை. ராம் தன்னைப் பற்றிய விவரத்தை ஒரு குட்டிச் சிப்பில் வைத்திருக்கிறது. அதைப் படிக்கும் இரண்டு பின்களில் அழுக்கு ஏறினால், ராம் நன்றாக இருந்தாலும் ஸ்லாட் காலி என்றே பயாஸ் (லேப்டாப்பை எழுப்பும் அடிப்படை மென்பொருள்) நினைக்கும். கிளாக், முகவரி பின்களில் தொடர்பு விட்டால் பெரும்பாலும் டிஸ்பிளேயே வராது. தரவு போகும் 64 பின்களில் ஒன்று அரைகுறையாகத் தொட்டால்தான் தொல்லை அதிகம். லேப்டாப் ஓடும், நடுவில் நீலத்திரை வரும், பிரௌசர் தானாக மூடும், காப்பி செய்த ஜிப் ஃபைல் திறக்காது. இதை வைரஸ் என்று நினைத்து விண்டோஸைத் திரும்பத் திரும்ப ஏற்றுகிறவர்கள் நிறைய.

காலையில் நாலைந்து முறை அழுத்தினால்தான் எழும்பும், எழும்பிவிட்டால் மாலை வரை ஓடும் என்றால் அது ஈர உப்பின் கைவரிசை. ஓடும் சூட்டில் ஈரம் காய்ந்து ஓடுகிறது, இரவில் மறுபடி கசிகிறது. முழுசாகச் செத்த ராம் இப்படி மனம் மாறாது.

வாங்க வேண்டியவை

பிஎச்0, பிஎச்00 அளவு பிளஸ் ஸ்க்ரூ டிரைவர். மூடி நெம்பப் பழைய ஏடிஎம் கார்டு. வெள்ளை நிற மென்மையான அழிரப்பர். பஞ்சுக் குச்சி, புதிய மென்மையான டூத்பிரஷ். கையால் அழுத்தும் ரப்பர் ஊதி. மொபைல் சர்வீஸ் சாமான் கடையில் 99 சதவீத ஐபிஏ, அதாவது ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், 100 மில்லி. கூடவே பைக் மெக்கானிக் கடையில் ஒரு பாட்டில் டிஸ்டில்டு வாட்டர், அதாவது பேட்டரி தண்ணி. பேட்டரி ஆசிட்டும் இதே மாதிரி பாட்டிலில் வரும், லேபிளைப் படித்து வாங்குங்கள்.

பேட்டரி தண்ணி எதற்கு? ஐபிஏ எண்ணெயையும் பிசுக்கையும் எடுக்கும், உப்பை எடுக்காது. சோடியம் குளோரைடு அதில் கரைவதே இல்லை என்று சொல்லலாம். இணையத்தில் கிடைக்கிற குறிப்புகள் பலவும் ஐபிஏ போட்டுத் துடை என்பதோடு நிற்கின்றன. கடலில்லாத ஊருக்கு அது போதும். இங்கே உப்பை முதலில் தண்ணீரில் கரைத்து எடுத்துவிட்டு, மிச்சத் தண்ணீரை விரட்டத்தான் ஐபிஏ. குழாய்த் தண்ணீர், போர் தண்ணீர், கேன் தண்ணீர் எதுவும் வேண்டாம். நம் பக்கத்து நிலத்தடி நீரே உவர்.

சானிடைசரில் கிளிசரின் இருக்கும். தின்னர், பெட்ரோல் பிளாஸ்டிக்கைத் தின்றுவிடும். டபிள்யூடி-40-யின் சாதாரண டப்பா எண்ணெய்ப் படலம் விட்டுப் போகும், அதில் உப்புத் தூசி இன்னும் நன்றாக ஒட்டும். தேங்காய் எண்ணெய், வாசலினும் அப்படியே. உப்புத்தாள் கூடவே கூடாது: ஒரே இழுப்பில் தங்கம் போய்விடும்.

திறப்பது

ஷட் டவுன் செய்யுங்கள். ஸ்லீப்பில் விட்டால் போதாது, ஸ்லீப்பில் ராமுக்கு மின்சாரம் ஓடிக்கொண்டேயிருக்கும். அந்த நிலையில் உருவினால் ராமோ போர்டோ எரியலாம். அடாப்டரைக் கழற்றி, பேட்டரியை எடுத்து, பவர் பட்டனை 30 விநாடி அழுத்திப் பிடியுங்கள். பேட்டரி உள்ளேயே இருக்கும் மாடலில் மூடியைத் திறந்ததும் முதல் வேலை பேட்டரி கனெக்டரைப் பிடுங்குவது.

கடலோர லேப்டாப்பில் ஸ்க்ரூ துருப்பிடித்து இறுகியிருக்கும். சரியான அளவு டிரைவரை நேராக வைத்து, நன்றாக அழுத்தி, முதலில் துளி இறுக்கும் பக்கம் திருப்பிப் பிறகு தளர்த்துங்கள். தலை வழுக்கினால் நடுவில் ரப்பர் பேண்டு ஒன்றை வைத்து அழுத்துங்கள். கழற்றிய ஸ்க்ரூக்களை, லேப்டாப்பின் படத்தை ஒரு தாளில் வரைந்து அந்தந்த இடத்தில் செலோடேப்பால் ஒட்டுங்கள். நீளமானதைக் குட்டை ஓட்டையில் போட்டால் அது போர்டையே துளைக்கும்.

ஸ்லாட் ஒன்றுதான் தெரிகிறதா? சில பழைய மாடல்களில் இரண்டாவது ஸ்லாட் கீபோர்டுக்கு அடியில் இருக்கும். கீபோர்டில் டீ சிந்திய வரலாறு இருந்தால் அதைப் பார்க்காமல் மூடாதீர்கள். சில மாடல்களில் ஒரு பங்கு ராம் போர்டிலேயே சால்டர் செய்து, அதாவது ஈயப் பற்று வைத்து ஒட்டி, இருக்கும். அது கெட்டால் ஸ்லாட்டில் எதைப் போட்டும் பயனில்லை.

இரண்டு பக்கக் கொக்கிகளையும் வெளிப்பக்கம் விலக்கினால் ராம் தானாக மேலே எழும். விளிம்பைத் தொடாமல் ஓரத்தைப் பிடித்து உருவுங்கள். இப்போது மொபைல் டார்ச்சைச் சாய்வாக அடித்து, கேமராவை ஜூம் செய்து ஸ்லாட்டுக்குள் பாருங்கள். நல்ல பின்கள் ஒரே சாய்வில், சீப்புப் பற்கள் மாதிரி வரிசையாக மின்னும். உப்பேறிய இடத்தில் நாலைந்து பற்கள் மங்கி, அடியில் வெள்ளைப் பொருக்கும் கடுகளவு பச்சைப் புள்ளியும் தெரியும். படம் எடுத்து வையுங்கள். கழுவிய பிறகு ஒப்பிட வேண்டும்.

நான்கு சோதனை

இரண்டு ராம், இரண்டு ஸ்லாட் இருந்தால், கழுவும் முன்பே, ஒரு நேரத்தில் ஒரு ராமை மட்டும் போட்டு நான்கு முறை ஆன் செய்து பாருங்கள். முதல் ராம் முதல் ஸ்லாட்டில், அதே ராம் இரண்டாவதில், பிறகு இரண்டாவது ராம் அதே மாதிரி. ராமை மாற்றும் ஒவ்வொரு முறையும் முதலில் பேட்டரியும் அடாப்டரும் கழற்றியாக வேண்டும். ராம் மாற்றிய பிறகு முதல் ஆனில் ஒன்றிரண்டு நிமிடம் திரை கறுப்பாக இருப்பது சில மாடல்களில் இயல்பு. பொறுங்கள்.

பழுது ராமோடு நகர்ந்தால் ராம். எந்த ராம் போட்டாலும் அதே ஸ்லாட்டில் மட்டும் என்றால் ஸ்லாட். தனித்தனியாக நான்கும் ஓடி, சேர்த்துப் போட்டால் மட்டும் நின்றால் இரண்டு ராமும் பொருந்தவில்லை. சில லேப்டாப்கள் முதல் ஸ்லாட் காலியாக இருந்தாலே எழும்பாது, அதைப் பழுதென்று எண்ணிவிடாதீர்கள். ஒரே ராம்தான் இருக்கிறது என்றால், அதே வகை ராம் உள்ள தெரிந்தவரிடம் அரை மணி நேரத்துக்கு இரவல் வாங்குங்கள்.

கழுவுவது

ராமை முதலில் எடுத்துக்கொள்ளுங்கள். பஞ்சுக் குச்சியைப் பேட்டரி தண்ணியில் நனைத்து, பிழிந்து, தங்கப் பட்டைகளை மேலிருந்து விளிம்பை நோக்கி ஒரே திசையில் துடையுங்கள். குறுக்கே இழுத்தால் ஒரு பட்டையின் அழுக்கு அடுத்ததன் இடுக்கில் போய் உட்காரும். இரண்டு பக்கமும், பக்கத்துக்கு இரண்டு குச்சி. பஞ்சில் லேசாகப் பச்சையோ சாம்பலோ ஏறினால் வேலை நடக்கிறது என்று பொருள். அதன்பின் ஐபிஏ நனைத்த குச்சியால் அதேபோல் துடையுங்கள். இன்னும் மங்கலாக இருக்கும் பட்டைக்கு மட்டும் அழிரப்பர், அதுவும் நீளவாக்கில் நாலே இழுப்பு. இங்க் அழிக்கும் சொரசொரப்பான ரப்பர் தங்கத்தையும் சேர்த்து அழிக்கும். ரப்பர் துகள் ஒன்றுகூட மிஞ்சாமல் மறுபடி ஐபிஏ. துகள் ஸ்லாட்டுக்குள் போனால் பழைய பழுதோடு புதுப் பழுதும் சேரும்.

ஸ்லாட்டுக்குப் பொறுமை வேண்டும். லேப்டாப்பைச் சாய்த்து, ஸ்லாட்டின் வாய் கீழ்நோக்கி இருக்கும்படி பிடித்து ரப்பர் ஊதியால் தூசியை எடுங்கள். வாயால் ஊதாதீர்கள், எச்சிலிலும் உப்பு இருக்கிறது. டூத்பிரஷ் நுனியைப் பேட்டரி தண்ணியில் தொட்டு, ஒரு துணியில் தட்டி, ஈரம் மட்டும் இருக்கும் நிலையில் பின்கள் சாய்ந்திருக்கும் வாக்கிலேயே பத்துப் பதினைந்து முறை இழுங்கள். சொட்டக் கூடாது, தண்ணீர் பக்கத்துச் சிப்புகளுக்கு அடியில் ஓடினால் காயாது. உடனே ஐபிஏ தொட்ட பிரஷ், அதே வாக்கில். இந்தச் சுற்றை இன்னொரு முறை செய்யுங்கள். கடைசியாக ஐபிஏ மட்டும், கொஞ்சம் தாராளமாக. பச்சை தெரிந்த இடத்துக்கு இன்னும் இரண்டு சுற்று. அருகில் விளக்கு, ஊதுபத்தி, சிகரெட் இருக்கக் கூடாது, ஐபிஏ சட்டென்று பற்றும்.

காய வைப்பதிலும் ஊர்க் கணக்கு உண்டு. கடல் பார்த்த ஜன்னல் பக்கம் வைத்தால் எடுத்த உப்பு திரும்பி வரும். ஜன்னலை மூடிய அறையில் மின்விசிறிக்கு அடியில் 1 மணி நேரம், மழைக்காலத்தில் 2 மணி நேரம். ஹேர் டிரையரை வைத்துக் காய்ச்ச வேண்டாம், ஸ்லாட் பிளாஸ்டிக் நெளியும்.

திரும்ப மாட்டுவது

ராமின் வெட்டு ஸ்லாட்டின் திமிலோடு பொருந்த வேண்டும். சுமார் 30 டிகிரி சாய்வில், இரண்டு கட்டைவிரலாலும் சமமாக, தங்கப் பட்டைகள் ஏறக்குறைய முழுதும் மறையும்வரை உள்ளே தள்ளுங்கள். பிறகுதான் கீழே அழுத்த வேண்டும். இரண்டு கொக்கியும் டிக் என்று பிடிக்கும். பாதி நுழைந்த ராமைக் கீழே அழுத்தினாலும் கொக்கி பிடித்துவிடும், ஆனால் ஒரு ஓரத்தில் தங்கக் கோடு தடிப்பாக வெளியே தெரியும். அப்படி மாட்டிவிட்டு ஸ்லாட் போச்சு என்று முடிவுகட்டிய லேப்டாப்கள் எத்தனையோ. உருவி, திரும்பச் செருகி, மூன்று நான்கு முறை செய்தால் பின்களும் பட்டைகளும் ஒன்றையொன்று உரசி இன்னும் நன்றாகப் படியும்.

ஓடினால் மட்டும் போதாது

மெம்டெஸ்ட்86+ என்ற இலவச மென்பொருளைப் பென் டிரைவில் ஏற்றி, அதிலிருந்து பூட் செய்து, குறைந்தது 4 சுற்று ஓடவிடுங்கள். பழைய லேப்டாப்பில் ஒரு சுற்றுக்கே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகலாம், இரவில் போட்டுவிட்டுத் தூங்குங்கள். ஒரு பிழைகூட வரக் கூடாது. வந்தால் எந்த பிட்டில் என்று பாருங்கள். முகவரி எங்கெங்கோ சிதறி, கெட்ட பிட் மட்டும் எப்போதும் ஒன்றே என்றால் ஒரே ஒரு தரவு பின் தொடவில்லை என்று சந்தேகிக்கலாம்: மறுபடி கழுவுங்கள். ஒவ்வொரு முறையும் அதே சில முகவரிகள்தான் என்றால் ராம் சிப்பே பழுது, கழுவிப் பயனில்லை.

கழுவியும் தீராவிட்டால்

ஒரு பின் வளைந்தோ உள்ளே அமுங்கியோ இருந்தால், மெல்லிய தையல் ஊசியால் பக்கத்துப் பற்களின் சாய்வுக்கு நெம்பலாம். ஒருமுறை, இருமுறை தாங்கும். மூன்றாவது முறை ஒடியும். கை நடுங்குகிறவர்கள் இதைத் தொட வேண்டாம்.

ஸ்லாட் ஓரத்தை விரலால் லேசாக அழுத்தும்போது மட்டும் ஓடினால், பின் போர்டோடு சேரும் சால்டர் விட்டிருக்கிறது. ராமுக்கு மேல் மடித்த பேப்பரோ ஸ்பாஞ்சோ வைத்து மூடித் தரும் பழக்கம் உண்டு. பழுது இன்ன இடம் என்று உறுதிப்படுத்த அது உதவும், தீர்வாகாது. பேப்பர் ஈரத்தை உறிஞ்சி ராமின் மேலேயே வைத்திருக்கும், இந்த ஊரில் அது கேட்டு வாங்கும் வினை.

சால்டர் வேலைக்குச் சிப் லெவல் ஆள், அதாவது போர்டில் உள்ள சிப்பையே கழற்றி மாட்டத் தெரிந்தவர், வேண்டும். ராமநாதபுரத்தில் அமையாவிட்டால் 110 கிலோமீட்டர் தள்ளி மதுரை. போகும் முன் கேளுங்கள்: ஸ்லாட் டெஸ்டர் கார்டு போட்டுப் பார்ப்பீர்களா? ஸ்லாட்டைச் சூடுகாட்டி ஒட்டுவீர்களா, மாற்றுவீர்களா? பச்சை பூத்த ஸ்லாட்டைச் சூடுகாட்டுவது வீண் செலவு, மாற்றத்தான் வேண்டும். மாற்றும் ஸ்லாட்டுக்கு 4, 5.2, 8, 9.2 மில்லிமீட்டர் என்று உயரங்களும், நேர்வகை, தலைகீழ்வகை என்ற வேறுபாடும் உண்டு. பழையதன் அளவை எழுதிக்கொண்டு போங்கள்.

புது ஸ்லாட்டிலும் ராம் தெரியவில்லை என்றால் கோளாறு பிராசஸருக்குள் இருக்கலாம், ஏனென்றால் ராமைக் கட்டுப்படுத்தும் பகுதி அதற்குள்தான் இருக்கிறது. அதற்குமேல் பழைய லேப்டாப்பில் பணம் போடாதீர்கள். நல்ல ஸ்லாட் ஒன்று மிஞ்சியிருந்தால் அதில் பெரிய ராம் ஒன்றைப் போட்டு ஓட்டுங்கள். படம் காட்டும் வேகம் கொஞ்சம் குறையும். டைப்பிங், பில்லிங், ஆன்லைன் விண்ணப்பம், பிள்ளைகளின் படிப்பு எதற்கும் தடை வராது. 2011-ல் தொடங்கிய அரசு விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் கிடைத்த லேப்டாப் இன்னும் வீட்டில் இருந்தால் அதற்கும் இதுதான் வழி.

வாங்கும்போது பழைய ராமின் ஸ்டிக்கரைப் படம் எடுத்துக்கொண்டு போங்கள். பிசி3 என்றால் 1.5 வோல்ட், பிசி3எல் என்றால் 1.35 வோல்ட், இரண்டும் ஒரே ஸ்லாட்டில் நுழையும். 4-ஆம் தலைமுறை இன்டெல் லேப்டாப்புக்கு எல் போட்டதுதான் வேண்டும், வெறும் பிசி3 போட்டால் டிஸ்பிளே வராது. 2, 3-ஆம் தலைமுறைக்கு 8 ஜிபி வாங்கினால் இரண்டு பக்கமும் சேர்த்து 16 சிப் இருக்கிறதா என்று எண்ணிப் பாருங்கள். 8 சிப் மட்டும் உள்ள 8 ஜிபி அவற்றில் ஓடாது. டிடிஆர்4-க்கு 260 பட்டை, வெட்டும் வேறு இடத்தில். அது நுழையவே நுழையாது, அழுத்திப் பார்க்காதீர்கள்.

மறுபடி உப்பேறாமல்

ஓடுகிற லேப்டாப்பைவிட பீரோவில் பூட்டிவைத்த லேப்டாப்தான் சீக்கிரம் கெடும். மழை மாதங்களில் தினம் ஒரு மணி நேரமாவது ஓட்டுங்கள், உள்ளே பிறக்கும் சூடு ஈரத்தை விரட்டும். எடுத்துவைப்பதானால் நன்றாக ஆறிய பிறகு, மூடி இறுகும் பிளாஸ்டிக் டப்பாவில் 50 கிராம் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். நிறம் மாறும் வகை வாங்கினால் எப்போது திரும்பச் சூடாக்கிக் காயவைக்க வேண்டும் என்று அதுவே காட்டும். காற்று இழுக்கும் பக்கம் கடல் ஜன்னலைப் பார்க்காமல் மேசையைத் திருப்பிப் போடுங்கள். ஏசி அறையிலிருந்து வெளியே எடுத்த லேப்டாப்பை அரை மணி நேரம் ஆன் செய்யாதீர்கள், குளிர்ந்த உலோகத்தின்மேல் ஈரம் பனிக்கும்.

ராமேஸ்வரம், தங்கச்சிமடம், பாம்பன் மாதிரி இரு பக்கமும் கடல் இருக்கும் ஊர்களில், கச்சான் ஓய்ந்த புரட்டாசியில், மழைக்கு முன்னால் ஒருமுறை ராமைக் கழற்றிப் பாருங்கள். மங்கலாகத் தொடங்கும்போதே துடைத்தால் பத்து நிமிட வேலைதான்.